கோட்டுமேல் விழுந்த பந்து

மே 27

கத்திரி வெயில். மதிய வேலை முடித்து, பாரிஸ் டென்னிஸ் போட்டேன். ஏழரைக்கு மேல் டி.வி. அவருடையது, கிரிக்கெட். அதுவரை என்னுடையது. யாரும் சொல்லித்தராமல் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட ஆட்டம். பதினைந்து, முப்பது — அப்புறம் ஏன் நாற்பது? தினமும் வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு அது இன்றும் உறுத்துகிறது.

அந்த இடதுகைப் பெண் இன்றும் ஜெயித்தாள். செம்மண்ணில் சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தை எடுக்கிறாள். சறுக்குகிறவள் விழவேண்டாமோ? விழவில்லை. முருகா, இந்த உடம்பை வைத்துக்கொண்டு இதெல்லாம்கூடச் செய்யலாமா?

மே 29

இரவு கிரிக்கெட். பந்து மட்டையில் உரசியது எனக்கே கேட்டது. கீப்பரும் பிடித்துவிட்டான். அம்பயர் விரல் தூக்கவில்லை, எதிரணிக்கு ரிவ்யூவும் தீர்ந்துபோயிற்று. ஆடுகிறவன் அசையாமல் நின்றான்.

"பட்டுச்சே, ஏன் போவல?"

"அம்பயரே சும்மா கீறாரு, உனுக்கு இன்னாடி? அதான் சாமர்த்தியம்" என்றார்.

ஜூன் 4

அரையிறுதி. தோற்றுவிடுவாள் என்றே ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு ஹுமேரா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "தணிகேசா, இவ கோப்பைய ஜெயிச்சா மொட்ட போட்டுக்கறேன்."

அப்புறம் ஜெயித்தாளே! எப்படி என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

"இன்னும் ஒரே ஆட்டம்க்கா. முடிய ஆசையா வாரிக்கோ" என்று ஹுமேரா சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "மணவூர்ல உன் தங்கச்சி பொண்ணு கல்யாணத்த வெச்சிகினு, எவளோ ஒருத்திக்கு மொட்டையா? பூமுடி குடுத்தா போறாதா?"

மொட்டை என்று சொல்லிவிட்டு நாலு மயிரை வெட்டிக்கொடுப்பதா?

ஜூன் 5

தங்கை அனுசுயா போனில்: "பெரியம்மான்னு நீதான முன்னால நிக்கணும்? ஃபோட்டோவுல எப்டிக்கா இருக்கும்? அவ தோத்துடணும்னு நான் வேண்டிகினேன்."

அதே முருகனிடம்!

ஜூன் 6

இறுதி ஆட்டம். அவர் டென்னிஸ் பார்க்க உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. எதிராளிக்குக் கைதட்டுவதற்காக.

மூன்றாவது செட். இவளுக்கு இன்னும் ஒரே புள்ளி, பிறகு கோப்பை. எதிராளி அடித்த பந்து வெளியே என்று கோட்டோரம் நிற்பவர் கத்திவிட்டார். மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. ஹுமேரா என் தலையைத் தடவி, "போச்சு" என்றாள்.

அவள் மட்டும் குதிக்கவில்லை. நடந்து போனாள். அந்த மண்ணில் பந்து விழுந்தால், குங்கும விரல் பட்டதுபோல ஒரு தடம் இருக்கும். குனிந்து பார்த்தாள். ஷூவால் அதை அழித்தாள். நடுவரைப் பார்த்து, உள்ளேதான் என்று தலையசைத்தாள். புள்ளி எதிராளிக்கு.

"இன்னாடி பண்றா இவ?" — அவர் எழுந்தே நின்றுவிட்டார். "யாரும் கேக்கலியே!"

யாரும் கேட்கவில்லை. அப்புறம்தான் பந்து விழுந்ததை டி.வி.யில் மறுபடியும் கிட்டத்தில் காட்டினார்கள். நூலளவு கோட்டில் பட்டிருந்தது.

அதற்குப் பிறகு ஆடித் தோற்றாள்.

கைதட்ட உட்கார்ந்தவர் தட்டவில்லை. "உன் முடி தப்பிச்சுது" என்றார், என்னைப் பார்க்காமல். ஹுமேரா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. மலைமேல் சந்நிதித் திரை விலகும்போது உடம்பில் ஒன்று ஓடுமே — அது.

ஜூன் 7

அவள் ஜெயிக்கவில்லை, நான் கடன்படவில்லை. பிறகு ஏன் கணக்கு முடிந்தமாதிரியே இல்லை?

ஜூன் 9, செவ்வாய்

மலைப் படியேறினேன். அவரும் பூசைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். மொட்டை போடுகிறவர் தலையில் தண்ணீர் தெளித்து, எல்லாரையும் கேட்பதுபோல, "வேண்டுதல் பலிச்சிதாம்மா?" என்றார்.

"ஆங்" என்றேன்.

ஜூன் 21

மணவூர். கல்யாணம் நல்லபடி முடிந்தது. முள்முள்ளாய் முளைத்த தலையோடு முன்னால்தான் நின்றேன். அனுசுயாவே இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினாள்.

பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பா, "இன்னா வேண்டுதலுங்க?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். இலையில் உப்பால் ஒரு கோடு இழுத்து, குருமாவிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்து, கோட்டில் பட்டும் படாமல் வைத்தார்.

"பந்து இங்க உழுந்துச்சுங்க. அவுட்டுன்னு சொல்லிட்டாங்க. அவதான் போயி பாத்து, இல்ல, உள்ளதான்னுட்டா."

"அப்பறம்? ஜெயிச்சாளா?"

இவர் பட்டாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பார் வாளி எங்களைத் தாண்டிப் போய்விட்டது.