நான் ஓடிய பதிவு

மார்ச் 12, செவ்வாய். கொல்லிமலை.

இன்று பொன்னுசாமியின் மரவள்ளிக் காட்டில், அடியில் உள்ள பாறையை அறிய, நில அதிர்வு பதிந்தோம். இரும்புத் தட்டில் சம்மட்டி விழும்போது யாரும் அசையக் கூடாது. நடந்தால் அந்தக் காலடியும் பதிவாகிவிடும். காலையில் எல்லாரையும் அதட்டி நிற்க வைத்தவள் நான்தான்.

பதினொரு மணிக்கு என் போன் ஒரு தடவை அடித்து நின்றது. ரவி. மேட்டுப் பலாமரத்தடியில்தான் ஒழுங்காக டவர் கிடைக்கும். ஓங்கிய சம்மட்டி இறங்குவதற்குள் ஓடத் தொடங்கிவிட்டேன். அங்கே போய் அழைத்தால் அவன் எடுக்கவில்லை. ஷிஃப்ட் தொடங்கியிருக்கும்.

திரும்பி வந்ததும் பொன்னுசாமி சிரித்தார். "ஏனுங்க மேடம், எங்கள நிக்கச் சொல்லிப்போட்டு நீங்களே ஓடுனா எப்படிங்க?"

பத்து வருடம் நானும் ரவியும் சேர்ந்துதான் பாலைவனத்தில் எண்ணெய் தேடினோம். எங்கள் கல்யாணமும் அந்த வேலையில் இருந்தபோதுதான். புகையோடு போகும் கரியமில வாயுவைப் பாறைக்குள் பூட்டி வைக்க முடியுமா என்று பார்க்க நான் இந்த மலைக்கு வந்தேன். அவன் பாலைவனத்திலேயே இருந்துவிட்டான். "நாங்க எடுக்கறத எல்லாம் நீ திரும்ப உள்ள வை" என்று சிரித்துக்கொண்டேதான் வழியனுப்பினான். வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவனும் வந்திருக்கலாம்.

இப்போது பதிவைத் திறந்து வைத்திருக்கிறேன். சம்மட்டி அடிக்குப் பக்கத்தில் என் காலடிகள். போகும்போது நெருக்கமாக இருக்கின்றன. வரும்போது விட்டு விட்டு. இரைச்சல் என்று அழித்துவிட வேண்டும். ரவி பார்த்தால் ஓடியது யார் என்று கேட்கவே மாட்டான்.

அவனுக்கு அனுப்பலாம். பலாமரம் வரை போக வேண்டும். டார்ச்சை எங்கே வைத்தேன்?