படிக்காமல் போட்ட கையெழுத்து

எம்.கே.பி. நகர்,
சென்னை-39.
15-2-2007

அன்பு மகன் அறிவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பால் நன்றாக இருக்கிறோம். மனசாலும் அப்படித்தான் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை. நீ அந்த வடநாட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, தைரியமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதை ஆரம்பிக்கிறேன். இரண்டு முறை உன் செல்லுக்குப் போட்டேன், இரண்டு முறையும் சரிம்மா சரிம்மா என்பதைத் தவிர நீ வேறு பேசவில்லை. பக்கத்தில் ஆள் நிற்கிறது என்று புரிந்து போனை வைத்துவிட்டேன். நேரில் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும், பேனாவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. கோபமாகத்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

உன் மெயிலையும் அதோடு நீ அனுப்பிய காகிதத்தின் படத்தையும் திங்கட்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது செல்வம் அண்ணன் பிரவுசிங் சென்டரில் பார்த்தேன். தொழிற்சாலையில் பளு தூக்கும் சங்கிலி அறுந்து இரும்புத் தகடு விழுந்ததில் உன் கூட வேலை செய்கிற அந்த பீகார்க்காரர் ராம்சரணுக்குக் கால் நசுங்கிவிட்டது என்று படித்தேன். மறுநாள் காண்டிராக்டர் கூப்பிட்டு, அப்போது வேலையில் இருந்தவர்கள் போட வேண்டிய கையெழுத்து என்று ஓர் இந்தித் தாளை நீட்டினார், புரிந்ததா என்று கேட்டார், புரியவில்லை என்றால் மறுபடியும் மதராசி என்று எல்லாரும் சிரிப்பார்களே என்று நீ தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாய். அதில் என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியாது, இருபத்தாறாம் தேதி விசாரணை, பயமாக இருக்கிறதம்மா என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு வரி வேறு, பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்தி சொல்லிக்கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா என்று. அந்த வரிக்கு அப்புறம் வருகிறேன்.

அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராகக் கீழ்வீட்டு ரஹீமுன்னிசாவிடம் போனேன். வீட்டில் உருது பேசுகிறவள்தானே, படித்துச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்கா, எங்க வூட்ல பேசுறது காதால வந்ததுக்கா, இந்த எழுத்து எனக்கு ஸ்டேஷன் போர்டு மாதிரி, பாக்கத்தான் தெரியும் என்றாள். பிறகு ராயபுரம் சவரிநாதன் சார் ஞாபகம் வந்தது. துறைமுகத்தில் இருந்தபோது பதவி உயர்வுக்காக இந்திப் பரீட்சை எழுதிப் பிரவேசிகா வரை பாஸ் செய்து, சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறவர். அவர் வீட்டுக்குப் போய்க் காட்டினால், எழுத்து பளிச்சின்னு தெரியுதும்மா, அர்த்தந்தான் என்னோட சேர்ந்து ரிடையர் ஆயிடுச்சி என்கிறார். அப்பாவிடம் இதைச் சொன்னால், ஒர்த்தருக்குக் கண்ணு கீது, ஒர்த்தருக்குக் காது கீது, நீ இன்னா, வாயா என்று கேட்டார். கிண்டல்தான், ஆனால் அதிலிருந்துதான் எனக்கு வழி தெரிந்தது. மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ரஹீமுன்னிசாவை பஸ்ஸில் ராயபுரத்துக்கு அழைத்துப் போனேன். அவர் விரலை வைத்து எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். ஆபீஸ் வார்த்தை வந்தால் அவருக்குப் பரீட்சைப் புத்தகம் ஞாபகம் வரும், வீட்டு வார்த்தை வந்தால் அவளுக்குத் தெரியும். ஓர் இடத்தில் அவர் லாபர்வாஹி என்று படித்ததும் அவள் கண்ணைத் திறந்து, நிறுத்துங்க சார் என்றாள். அக்கா, அஜாக்கிரதைன்னு எழுதிகீது, யாரோடதுன்னு பாரு, நம்ம புள்ளையோடது, தன் தலைல தானே கல்லைப் போட்டுக்கினான்க்கா என்று அழவே ஆரம்பித்துவிட்டாள்.

நீ கையெழுத்துப் போட்டது இதில்தான். சங்கிலி நல்ல நிலையில் இருந்தது, மேற்பார்வையாளர் அனுமதி இல்லாமல் நானே எந்திரத்தை இயக்கினேன், என் அஜாக்கிரதையால் விபத்து நடந்தது, எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. விபத்துக்கு இரண்டு நாள் முன்னால்தானே சங்கிலியில் ஒரு கண்ணி தேய்ந்திருக்கிறது என்று ஷிப்ட் புத்தகத்தில் எழுதி மேற்பார்வையாளரிடம் காட்டினேன் என்று மெயிலில் எழுதியிருந்தாய்? அப்படியிருக்க அவர்கள் குற்றத்தை உன் கையாலேயே உன் மேல் எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். நீ இந்தி படித்திருந்தால் அந்தச் சங்கிலி அறுந்திருக்காதா? ராம்சரணுக்கு அது பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை. அவர் ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடக்கும்போதே கட்டைவிரலைப் பிடித்து வேறொரு தாளில் ரேகை வாங்கினார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாயே, அவரை அந்தப் பாஷை காப்பாற்றியதா? உன் வரி என்னை அறுத்ததால் நேற்று மறுபடியும் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து தேடினேன். மத்திய அரசின் ஆட்சிமொழி விதிகள் என்று 1976-இல் போட்டது இருக்கிறது, தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறது. ஒரு நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் பெருமையாக இருந்தது. அப்புறம் உன் முகம் ஞாபகம் வந்தது. விலக்கு இந்த மண்ணுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள், வேலை தேடி இந்த மண்ணைத் தாண்டிப் போகிற பிள்ளைக்கு இல்லை. இன்னொரு பக்கத்தில் யார் யாரோ சண்டை போடுகிறார்கள், இந்தி படிக்காததால் தமிழன் கெட்டான் என்று ஒருவர், தமிழ் செம்மொழி ஆகிவிட்டது இனி என்ன கவலை என்று இன்னொருவர், இரண்டு பேருமே இங்கிலீஷில் எழுதுகிறார்கள். இரண்டரை வருஷம் முன்னால் செம்மொழி என்று அறிவித்தபோது நம் தெருவில் வெடி வெடித்தார்கள், நீயும் வெடித்தாய். போன டிசம்பரில் உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று சட்டசபையில் தீர்மானம் போட்டார்கள், வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒருவன் கையெழுத்துப் போடுகிற தாள் அவனுக்குத் தெரிந்த பாஷையில் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று எந்தத் தலைவரும் மேடையில் கத்தி நான் கேட்டதில்லை. இந்தியைக் கற்றுக்கொள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ராம்சரணிடமே கற்றுக்கொள். தெரியாததை உன் குற்றம் என்று மட்டும் நினைக்காதே.

குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது, அதில் எனக்கும் பங்கு உண்டு. உன்னிடம் இதை நான் சொன்னதில்லை. உனக்கு ஐந்து வயது இருக்கும்போது எங்கள் ஆபீஸில் இங்கிலீஷில் ஒரு தாள் கொண்டுவந்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். பாதி வரி எனக்குப் புரியவில்லை. கூட இருந்த மலிகா, எனக்குப் புரியல சார், இன்னான்னு சொன்னாத்தான் போடுவேன் என்று பட்டென்று கேட்டாள், அவள் எட்டாவது படித்தவள், கேட்கலாம். நான் பி.காம்., நம் வீட்டிலேயே முதல் பட்டதாரி, நான் எப்படிக் கேட்பது? புரிந்தமாதிரி தலையாட்டிவிட்டுப் போட்டேன். நிரந்தர வேலையிலிருந்து ஒப்பந்தத்துக்கு மாறச் சம்மதம் என்று அதில் இருந்தது. மலிகா இன்றைக்கும் நிரந்தரம், நான் வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஆள். படித்த வீடு, தெரியாது என்று சொல்லக் கூடாது என்று அந்தத் தலையாட்டலை உனக்கும் பழக்கிவிட்டவள் நான்தான். உன் மேல் இருக்கிற கோபத்தை விட அது எனக்கு அதிகமாக எரிகிறது.

அப்பா, வேல மசுரு போவுது, வூட்டுக்கு வரச் சொல்லு என்கிறார். மணலி தொழிற்சாலையில் இருபது வருஷமாக விபத்தைப் பார்த்தவர், அவர் பயம் அவருக்கு. இரவு ஷிப்ட் முடிந்து வந்தும் தூங்காமல் உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் நான் சொல்கிறேன், இருபத்தாறுக்கு முன்னால் ஓடி வராதே, ஓடினால் அந்தத் தாள் உண்மையாகிவிடும். ஷிப்ட் புத்தகத்தில் நீ எழுதிய பக்கத்தை யாராவது கிழிப்பதற்குள் உன் சிநேகிதன் செல்லில் போட்டோ எடுத்து மெயிலில் அனுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய் ராம்சரணிடம் அவர் ரேகை வைத்த தாளைப் பற்றிச் சொல். விசாரணையில் என்ன கேட்டாலும், எனக்கு இந்தி படிக்கத் தெரியாது, இதை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை என்று முதலில் சொல். எத்தனை பேர் சிரித்தாலும் சொல். சிரித்து முடிக்கும்வரை நின்று மறுபடியும் சொல்.

இதோடு ஒரு மனு வைத்திருக்கிறேன். அந்த மாவட்டத்துத் தொழிலாளர் அதிகாரிக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும். விலாசம் இணையத்தில்தான் கிடைத்தது. நடந்ததைத் தமிழில் நான் எழுதினேன், ரஹீமுன்னிசா சொல்லச் சொல்ல சவரிநாதன் சார் இந்தியில் எழுதினார், இங்கிலீஷ் பிரதியை நான் டைப் அடித்தேன். இந்தியில் பிழை இருந்தால் இருக்கட்டும் என்றார் சார், பிழையில்லாத இந்தியில எழுதினவன்தாம்மா உம் புள்ளைய மாட்டிவிட்டான் என்று. மூன்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பு, ரசீதைப் பத்திரமாக வை.

நீ நீண்ட ஆயுளோடு, நிமிர்ந்த தலையோடு இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும். ஒன்றை மறக்காதே. மனுவில் நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அம்மா எழுதியதுதானே என்று அப்படியே போட்டுவிடாதே. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படி. நீ சொல்லாதது ஏதாவது இருந்தால் அடித்துவிடு. புரியாதது இருந்தால் என்னைக் கேள். அதற்குப் பிறகு போடு.

இப்படிக்கு,
இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடும் உன் அம்மா,
ல. கார்குழலி