அட்டையில் ஒன்று, நமக்கு நானூற்றுப் பதின்மூன்று

என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் உங்கள் காமிக்ஸ் வீரன் மறுபடியும் ஒன்றாம் இலக்கத்தில் பிறந்துவிட்டான். நீங்கள் கடைசியாக வாங்கிய இதழோடு பழைய தொடரை நிறுத்திவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கி, இப்போது ஒரே கதைக்கு ஆறு விதமான அட்டை போட்டிருக்கிறார்கள். உள்ளே புரட்டினேன். அதே வில்லன், அதே மொட்டைமாடிச் சண்டை.

நியூ லின் காமிக்ஸ் கடைக்கு நான் தனியாகப் போனது இதுதான் முதல் தடவை. சனிக்கிழமைகளில் நீங்கள் இதழ் வாங்க உள்ளே ஓடுவீர்கள், நான் பார்க்கிங் தேடிக்கொண்டிருப்பேன். முன்பும் அவர்கள் இப்படி ஒன்றிலிருந்து தொடங்கியபோதெல்லாம், "மறுபிறவி எண்டால் பழைய வினையும் கூட வரோணும். இவங்கள் வினையை அழிச்சுப்போட்டு விலையை மட்டும் கூட்டுறாங்கள்" என்று வழி நெடுகப் பிரசங்கம் வைப்பீர்கள், கையில் அதே ஒன்றாம் இலக்கத்தை வைத்துக்கொண்டு. இவ்வளவு திட்டிவிட்டு ஏன் வாங்கினீர்கள் அத்தான்?

வீட்டுக்கு வந்ததும் இதழைப் போட்டுவைக்கும் உறைமேல் ஒரு துண்டுத்தாள் ஒட்டி, முதல் இதழிலிருந்து எண்ணி வந்த உண்மையான இலக்கத்தை எழுதுவீர்கள். அவர்களுக்கு ஒன்று என்றால் உங்களுக்கு முந்நூற்றைம்பது. அதில் மட்டும் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

கடைக்காரர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். பழைய தொடர் முடிந்ததால், உங்களுக்கென்று இதழ் எடுத்துவைக்கும் பெட்டியும் முடிந்துவிட்டதாம். புதிய தொடருக்குப் பதிந்தால் பெட்டி இருக்கும், இல்லாவிட்டால் உங்கள் பெயரைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவார். வாங்கினால் அந்த வியாபார வித்தைக்கு நானும் ஏமாந்தவன். வாங்காவிட்டால் உங்கள் பெயர் போய்விடும். யோசித்துச் சொல்கிறேன் என்று நேரே அக்காவிடம் போனேன்.

உங்கள் இதழ்களைக் குப்பை என்று கலியாணம் கட்டிய நாளிலிருந்து திட்டியவள் அல்லவா? நல்லதாகப் போயிற்று என்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"கோயிலில காணுற ஆக்கள் எல்லாம் என்னையும் வாழ்க்கையைப் புதுசாத் தொடங்கட்டாம்," என்றாள். "நான் என்ன ஒண்டாம் இலக்கமே? போய் வாங்கிக்கொண்டு வாடா."

வாங்கி வந்தேன். நல்ல வேளையாகப் பார்க்கிங் உடனே கிடைத்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அத்தான் எதில விட்டவர்?"

உங்கள் அலுமாரியைத் திறந்து கடைசி உறையைப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. அக்கா ஒரு துண்டுத்தாளை வெட்டி, நானூற்றுப் பதின்மூன்று என்று தன் கையால் எழுதி ஒட்டினாள். பிறகு இருவரும் சிரித்தோம், கொஞ்சம் அழுதோம், புட்டுச் சாப்பிட்டோம்.

அவர்கள் இன்னும் எத்தனை தடவை ஒன்று என்று போட்டாலும், எங்கள் வீட்டில் அடுத்தது நானூற்றுப் பதினான்குதான் அத்தான். கடைத் தட்டில் உங்கள் பெயரும் இருக்கும்.

இன்னமும் உங்களுக்காகப் பார்க்கிங் தேடும் மச்சான்,
ரவி