சொந்த ஊர் கண்டி என்று சொன்னதால் நிறுத்தப்பட்ட வேலை

அனுப்புநர்:
கு. தமயந்தி (வயது 46), தையல் தொழிலாளி,
பிள்ளையார் கோயில் தெரு, அடுகோடி, பெங்களூரு.

பெறுநர்:
காவல் துணை ஆணையர் அவர்கள்,
பெங்களூரு.

பொருள்: என் மகள் வைஷ்ணவியின் பெண் காவலர் நியமனம் – விசாரணை அறிக்கையில் "நாட்டுப்பற்று ஐயத்திற்குரியது" என எழுதியது – மறுவிசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் எல்லாத் தேர்விலும் தேறியவள். வரும் திங்கட்கிழமை பயிற்சி தொடங்குகிறது. அவள் பெயரை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

2. நடந்தது இதுதான். விசாரணைக்கு வந்த காவலர் என் தகப்பனார் அப்பாதுரையிடம், "நிம்ம ஊரு யாவுது?" என்று கன்னடத்தில் ஊரைக் கேட்டார். "கண்டி சார்" என்றார் அப்பா. இலங்கையில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்றதும், "தங்கச்சி இருக்குது சார்" என்று சந்தோஷமாகவே சொன்னார். வந்தவர் அத்துடன் எழுந்துவிட்டார். கொடுத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை.

3. எங்கள் தெருவில் ஊர் கேட்டால் யாரும் அடுகோடி என்று சொல்வதில்லை. எதிர்வீட்டு கணேசமூர்த்தி ஆரணி என்பார். ஆரணியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய பற்று எந்த ஊருக்கு என்று எவரும் கேட்டதுமில்லை.

4. அப்பா கள்ளத்தோணியில் வந்தவர் அல்லர். இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் தோட்டத் தொழிலாளர்களைப் பங்கு பிரித்தபோது, இந்தியக் குடியுரிமை பெற்று ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர். அவர் தங்கை, என் அத்தை, இலங்கையின் பங்கில் அங்கேயே நின்றுவிட்டார். அப்பா இந்தக் கர்நாடகத்திலேயே சுள்ளியா அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். நான் அங்கேதான் பிறந்தேன். நாங்களெல்லாம் பிறந்ததால் இந்தியர்கள். இந்த நாடுதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வந்தவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான்.

5. அடுத்த முறை சுள்ளியா என்று சொல்லுங்கள் தாத்தா என்று வைஷ்ணவி அழுகிறாள். பேத்தியின் வேலைக்குத் தன் வாயே எமனாகிவிட்டதென்று அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்குக் கோபமாக வருகிறது ஐயா. போலீஸ் வேலைக்குப் போகும் பெண்ணின் வீட்டில் பொய் சொல்லப் பழக வேண்டுமா?

ஆகவே, திங்கட்கிழமைக்குள் வேறொருவரை அனுப்பி மறுவிசாரணை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். வருபவர் ஊரைக் கேட்கட்டும். அப்பா கண்டி என்றுதான் சொல்வார். மாற்றிச் சொல்லும்படி நான் சொல்லமாட்டேன். அதை எழுதிக்கொண்டு, எந்த நாட்டுக்காரர் என்றும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். போன முறை வந்தவர் அதைக் கேட்கவில்லை.

இணைப்பு: இம்மனுவின் கன்னடப் பிரதி (என் மகள் எழுதியது).

இடம்: பெங்களூரு
நாள்: 12.11.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
கு. தமயந்தி