முப்பத்தொரு புளியங்கொட்டை

ஐந்தருவி,
12.5.2025

ஜெயபிரியா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வரவில்லை. அதனால்தான் பதிவுத் தபால்.

அருவியில் வெள்ளம் வந்தால் தானாக ஊதும் சைரன் வைக்கலாமா என்று ஆய்வுக்காக வந்து அருவிக்கரைப் பெண்களான எங்களிடம் கருத்துக் கேட்டாய். என் சோப்புக்கடை முன்னால் மூன்று வட்டம் போட்டாய். சைரன் வேண்டாம், சைரன் மட்டும் போதும், சைரனோடு ஆளும் வேண்டும். முப்பத்தொரு பெண்கள் ஆளுக்கொரு புளியங்கொட்டை வைத்தோம். முதல் வட்டம் காலி, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் இருபத்தெட்டு. நீதான் எண்ணினாய்.

உன் அறிக்கையில் 'முப்பத்தொருவரும் சைரனை ஆதரித்தனர்' என்றிருக்கிறது. இரண்டு வட்டத்தையும் ஒன்றாக்க உனக்கு எப்படி மனசு வந்தது? அதைக் காட்டித்தான், வெள்ளம் வந்தால் விசிலோடு நின்று பெண்களை இழுத்து வெளியேற்றும் காவல்கார முப்பிடாதியக்காவை இந்த சீசனுக்கு வர வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். "தண்ணிக்குள்ள நிக்கவளுக்கு சைரன் எங்கனட்டி கேக்கும்?" என்று அக்கா உன்னிடம் கேட்டாளே, அது எங்கே?

சங்கரேஸ்வரி

சென்னை,
19.5.2025

அன்புள்ள சங்கரி,

ஒத்த பதில்களைச் சேர்த்துத் தொகுப்பது ஆய்வில் வழக்கம்தான். கேள்வி சைரனைப் பற்றியது, ஆளைப் பற்றியது அல்ல. ஒலியளவையும் சோதித்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் பின்னிணைப்பில் இருக்கிறது. கோபப்படாதே. கடை எப்படிப் போகிறது?

அன்புடன்,
ஜெயா

ஐந்தருவி,
26.5.2025

ஜெயபிரியா,

பின்னிணைப்பையும் புரட்டினேன். நாங்கள் சிரிக்கிற போட்டோ இருக்கிறது, பேசின பேச்சைக் காணோம். ஒலியைச் சோதித்தது கார் நிறுத்துகிற இடத்தில். அங்கே யார் குளிக்கிறார்கள்?

என் பள்ளிக்கூடத் தோழி, நம்பிப் பேசலாம் என்று சொல்லி எல்லாரையும் கூட்டி வந்தவள் நான். இப்போது அவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஜூன் 14 அன்று அருவியிலேயே சைரனை ஊதிப் பார்க்கிறார்களாம். வந்து தண்ணீருக்குள் நில். கேட்டது என்று சொல், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

சங்கரேஸ்வரி

தென்காசி,
14.6.2025

சங்கரி,

வந்தேன். உன் கடையைத் தாண்டத் தைரியம் இல்லாமல் சுற்றிக்கொண்டு போனேன். அருவியில் தலை கொடுத்து நின்றேன். மூன்று தடவை ஊதினார்களாம். எனக்குத் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். முப்பிடாதியக்கா. வேலை இல்லை என்ற பிறகும் வந்து நிற்கிறார். "ஏட்டி, கேட்டுச்சா?" என்றார்.

அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக, சோதனைக்கு வந்த அதிகாரிகளிடம் இன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபத்தெட்டை இருபத்தெட்டாகவே எழுதினேன், அக்காவின் கேள்வியோடு. இனிமேல் கடைக்கு வரட்டுமா?

ஜெயா

ஐந்தருவி,
17.6.2025

ஜெயா,

இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். அக்கா இன்னும் சம்பளமில்லாமல்தான் நிற்கிறாள். அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கட்டும். அன்றைக்கு வா. அதுவரை வராதே.

சங்கரி