ஷோபா சாப்பிட்ட துண்டு

ஸ்கெலட்டன் லைன், மாரிகுப்பம்
மே 25

பிரியமுள்ள டீனா அப்பாவுக்கு,

வின்னி எழுதுகிறேன். தேவ கிருபையால் இங்கே நானும் டீனாவும் சுகம். தான்சானியாவில் வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். இங்கே இரண்டு நாளாக நல்ல மழை. சமையலறைப் பக்கம் கூரை ஷீட் ஒழுகுகிறது, பக்கெட் வைத்திருக்கிறேன். டீனா செகண்ட் பி.யூ. பரீட்சை பாஸ். கணக்கில் தொண்ணூற்று ஒன்று. உங்களிடம் அவளே சொல்ல வேண்டும் என்றிருந்தாள், நான் முந்திக்கொண்டேன்.

கடையைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும். போன வாரம் நடந்ததை உங்களிடம் இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் போன பிறகு ஆரம்பித்த கடை என்பதால் படத்தில் பார்த்ததோடு சரி. ராபர்ட்சன்பேட்டையில் நானும் ஷோபாவும் கேக் கடை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. ஷோபாவை உங்களுக்குத் தெரியும், ஒரே ரயிலில் ஆறு வருடம் பெங்களூர் கார்மென்ட்ஸுக்குப் போய்வந்த சிநேகம். ஆனால் சேர்ந்து தொழில் செய்வது வேறு என்று இப்போதுதான் தெரிகிறது. அவர்கள் வீட்டில் மீன், கறி மட்டுமல்ல, முட்டையும் கிடையாது. நம் லைன் வீடுகளிலோ முட்டை போடாத கேக்கை யாரும் கேக் என்றே ஒத்துக்கொள்வதில்லை. பேத்தமங்கலம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தெலுங்கில் பேரம் பேசுவார்கள், எனக்கு எண்கள் மட்டும்தான் வரும். ஆண்டர்சன்பேட்டை பாய்வீட்டு அம்மா பிளம் கேக்கைக் கையில் எடுத்தால் முதலில் மூக்கில்தான் வைப்பார், ரம் வாசனை வருகிறதா என்று. யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்பது தெரியாமல் இந்த ஊரில் ஒரு பன்கூட விற்க முடியாது. ஷோபாவுக்கு அது தெரியும். கல்லாவில் உட்கார்ந்து நாலு பாஷையில் பேசுவாள். நான் உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொள்வேன்.

போன திங்கட்கிழமை நாகேஷ் என்பவர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு முந்நூறு கேக் வேண்டியிருந்தது. முட்டை இல்லாமல், தயிர் போட்டது. அன்றைக்கே நம் சர்ச் பிள்ளைகளுக்கும் கேக் இருந்தது, அது முட்டை போட்டது. இரண்டு மாவையும் ஒரே மாதிரி ஸ்டீல் குண்டானில் கலந்து வைத்திருந்தேன்.

ஷோபாவுக்குத் திங்கட்கிழமை உபவாசம், பொழுது சாய்ந்துதான் சாப்பிடுவாள். சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ளே வந்து, "பசிக்குது வின்னி, நாகேஷ் சாரோடது ஆயிடுச்சா?" என்றாள். தட்டிலிருந்து சூடாக ஒரு துண்டு எடுத்து நானேதான் அவள் கையில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். "பெங்களூர்லகூட இப்படிக் கிடைக்காது கணே" என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் மேடையைத் துடைக்கப் போனேன். மூடி வைத்திருந்த ஒரு குண்டானைத் திறந்தால், தயிர் மாவு அப்படியே இருக்கிறது. தொடவேயில்லை.

முந்நூறு கேக்கையும் முட்டை மாவில் சுட்டிருக்கிறேன். அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. உபவாசம் இருந்தவளுக்கு என் கையாலேயே ஊட்டாத குறையாகக் கொடுத்திருக்கிறேனே என்பதுதான் உறுத்தியது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் அவள் வீட்டில் அவளைத் திரும்ப அனுப்பவே மாட்டார்கள், கடை அன்றோடு முடிந்தது. அவள் கணவர் உதய் எவ்வளவு யோசித்து என்னோடு சேர விட்டார் என்பது எனக்குத் தெரியும். இருபது நிமிடம் அந்தக் குண்டானைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் போய்ச் சொன்னேன்.

ஷோபா என்னைத் திட்டவில்லை. குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். பிறகு, "நான் மனைக்குப் போறேன்" என்று பாதி கன்னடத்தில் சொல்லிவிட்டு, கடைச் சாவியைக் கல்லா மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாவியை வைத்தாள் பாருங்கள், கடை முடிந்தது என்று அப்போதுதான் நினைத்தேன்.

நாகேஷுக்கும் போன் செய்து சொன்னேன். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வந்தார். "இன்னாத்துக்கும்மா சொன்னீங்க? பேசாம பெட்டியில போட்டுக் குடுத்திருந்தா எங்க ஆளுங்க தின்னுட்டுப் போயிருப்பாங்க" என்றார். "நீங்க கேட்டது முட்டை இல்லாததுதானே அண்ணா, திரும்பச் சுட்டுத் தர்றேன்" என்றேன். ஒரு கேக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்தார். "இல்லம்மா. இனிமே எங்க வீட்டுப் பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்று போய்விட்டார். அவர் கிராமத்திலிருந்து வர இருந்த வேறு இரண்டு ஆர்டரும் நின்றுபோனது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மறுநாள் விடிகாலை சர்ச் பிள்ளைகளுக்குப் போக மீதிக் கேக்கை எல்லாம் நானும் டீனாவும் மாரிகுப்பம் ஸ்டேஷன் வாசலுக்குக் கொண்டுபோய், பெங்களூர் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சும்மா கொடுத்தோம். ஒவ்வொருவர் கையிலும் வைக்கும்போது, "முட்டை போட்டது, முட்டை போட்டது" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தேன். டீனாவுக்கு முதலில் வெட்கம். பிறகு அவளும் என்னைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை ஷோபா வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். உதய் வந்து, "அவ படுத்திருக்கா அக்கா, இன்னொரு நாள் வாங்க" என்றார். முகத்தில் கோபம் இல்லை, ஆனால் கேட்டைத் திறக்கவில்லை.

நேற்று சனிக்கிழமை மத்தியானம் ஷோபாவே வந்தாள். இத்தனை வருட சிநேகத்தில் நம் வீட்டுக்குள் முதல் தடவையாக. அவளே வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம். மாமியார் தலைக்குக் குளிக்கச் சொல்லி, விளக்கேற்றி, "தெரியாம நடந்தது, விடு" என்று முடித்துவிட்டாராம். அப்புறம் இன்னாத்துக்கு நாலு நாள் வரவில்லை என்று கேட்டேன்.

"ருசியா இருந்துச்சு வின்னி. அதான் எனக்குத் தாங்கல" என்றாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டு பேரும் இரண்டையும் செய்தோம். பிறகு சொன்னாள்: "நீயே வந்து சொன்னே. இதையே நான் வேற யார்கிட்டயாவது கேட்டுத் தெரிஞ்சிருந்தா, உன் முகத்தையே பார்த்திருக்க மாட்டேன்."

பையிலிருந்து சிவப்பு பெயின்ட் டப்பா ஒன்றை எடுத்தாள். இனிமேல் கடையில் முட்டையே நுழையக் கூடாது, கடைப் பாத்திரம் எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு. முட்டை கேக் நம் வீட்டு அடுப்பில்தான், ஆர்டருக்கு மட்டும். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து கோடு போட்டோம். நாளைக்குக் கடை திறக்கிறோம். போன வாடிக்கை திரும்பி வருமா என்று தெரியாது. பார்ப்போம்.

இதையெல்லாம் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, அங்கே உங்களோடு வேலை செய்துவிட்டு லீவில் வந்திருக்கிற டென்சில் நம் வீட்டுக்கு வந்தான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நல்லா கீறாரு அக்கா" என்றான். இரண்டாவது தடவையும் அதையே சொன்னான், தட்டைப் பார்த்துக்கொண்டே. மூன்றாவது தடவை கேட்டபோது தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். பிப்ரவரியில் மிஷின் பெல்ட்டில் மாட்டி உங்கள் வலது கையில் இரண்டு விரல் போனது அவன் வாயால்தான் எனக்குத் தெரிந்தது. அவனைத் திட்டாதீர்கள், நான்தான் விடவில்லை.

இந்த மூன்று மாதமாக வீடியோவில் முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனை எவ்வளவு சிரமப்பட்டுப் பிடித்தீர்களோ. ஃபிட்டர் வேலை போய் ஸ்டோரில் உட்கார வைத்திருப்பதாகச் சொன்னான். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டப் போகிறேன் என்று ஏன் சொன்னீர்கள் என்பதும் இப்போது புரிகிறது.

ஷோபா சொன்ன மாதிரி என்னால் சொல்ல முடியாது. யார் சொல்லித் தெரிந்தாலும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. டீனாவிடம் நான் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

இன்னொரு விஷயம். கிராமத்து ஆர்டர்களைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்றால், ஊர் ஊராகப் போய்ப் பேச ஒருவர் வேண்டும் என்கிறாள் ஷோபா. உங்கள் வீட்டுக்காரருக்குத் தெலுங்கு வருமா என்று கேட்டாள். நன்றாக வரும் என்றேன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

பதிலைப் போனில் சொல்ல வேண்டாம், எழுதுங்கள். வலது கையாலேயே எழுதுங்கள். எழுத்து எவ்வளவு கோணினாலும் நான் படித்துக்கொள்வேன். கர்த்தர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாராக.

என்றும் உங்கள்,
வின்னி