என் சர்க்கரைக்கு உன் அம்மாவின் ரத்தம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இருக்கிறோம். 'நலமாக' என்ற சொல்லைச் சேர்க்கக் கை வரவில்லை, காரணம் கீழே வருகிறது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் அந்தச் சொல்லோடு இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

நேற்றுக் காலை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உன் அம்மாவின் தலைமையில், இருவர் வந்திருக்க அதில் ஒருவர் தலைகுனிந்திருக்க, வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு தீர்மானம் நிறைவேறியது. என் உடம்பில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பார்க்க இனிமேல் என் ரத்தத்தையே எடுப்பது என்பதுதான் அது. எதிர்த்து யாரும் பேசவில்லை. தீர்மானம் அப்போதே நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவுதான் நேற்று உன் போனுக்கு வந்து சேர்ந்த இருநூற்று எண்பத்தாறு. நீ பதறிப்போய், "மெஷின் கெட்டுப்போச்சுப்பா, பேட்டரிய மாத்திப் பாருங்க" என்று செய்தி அனுப்பியிருந்தாய். பேட்டரி புதிது, மெஷினும் நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டது எது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் நீ "ஐயோ அப்பா" என்பாய், நான் அங்கேயே நிறுத்திவிட்டு உங்கள் ஊரில் மழையா என்று கேட்க ஆரம்பித்துவிடுவேன். கடிதத்தில் அந்தச் சௌகரியம் இல்லை.

போன லீவுக்கு வந்தபோது நீ அந்த மெஷினை வாங்கிவந்து, அதில் விழும் எண் அந்தக் கணமே உன் போனுக்கும் வரும்படி செய்துவிட்டுப் போனாய் அல்லவா. பாசத்தோடுதான் செய்தாய். ஆனால் உத்தியோகக் காலம் முழுவதும் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன் நான், சோதிக்கப்படுகிற பக்கத்தில் நின்று எனக்குப் பழக்கமில்லை. முதல் வாரத்திலேயே ஒரு நாள் எண் இருநூறைத் தாண்டியது. நான் முகம் துடைத்து முடிப்பதற்குள் நீ கூப்பிட்டாய். பேப்பர் இரவல் வாங்க வந்த பக்கத்து வீட்டு வக்கீல் எதிரே உட்கார்ந்திருந்தார், போன் ஸ்பீக்கரில் இருந்தது. "நேத்து என்னப்பா சாப்பிட்டீங்க, மறைக்காம சொல்லுங்க" என்றாய். இரண்டு பிஸ்கட் என்றேன். வக்கீல் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பேக்கரி வாசல்ல உங்களப் பார்த்தேனே சார், கையில இருந்தது பிஸ்கட் சைஸ்ல இல்லியே" என்றார். கட்சிக்காரர்கள் அவரிடம் ஏன் போகிறார்கள் என்பது அன்றுதான் புரிந்தது.

மறுநாள் காலை ஊசியைத் தயார் செய்துவிட்டு உன் அம்மாவைக் கூப்பிட்டு விரலை நீட்டச் சொன்னேன். "என் விரல்ல குத்தினா உங்க சர்க்கரை எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள். தெரியாது, அதற்காகத்தான் என்றேன். "பாவம்ங்க அந்தப் பொண்ணு" என்றாள். இன்று ஒரு நாள் மட்டும் என்றேன். தொண்ணூற்று நான்கு வந்தது. நீ கைதட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பினாய். பாப்பா, வேலையில் இருந்தபோது மேலதிகாரி யாரும் எனக்குக் கைதட்டியதில்லை. அந்தப் பொம்மைக்காக மறுநாளும் உன் அம்மாவைக் கூப்பிட்டேன், அதற்கு மறுநாளும் கூப்பிட்டேன். பிறகு கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பால் காய்ச்சுவது, படுக்கையை உதறுவது போல விரல் நீட்டுவதும் அவளுடைய காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. நான் குத்துவேன், அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். எண்ணை உனக்கு அனுப்பிவிட்டு நான் நடைப்பயிற்சிக்குக் கிளம்புவேன். நடை பேக்கரியில் முடியும். கிரீம் பன்னைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதும் நடைதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

இத்தோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை. நீ பெருமையில் அந்த எண்களையெல்லாம் டாக்டருக்கு அனுப்பினாய். அவர் மகிழ்ந்துபோய் என் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். மாத்திரை எனக்கு, எண் உன் அம்மாவுக்கு என்பதை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, அவர் கேட்டுக்கொண்டபடி, ஒரு சனிக்கிழமை கிளினிக்கில் காத்திருந்தவர்கள் முன்னால் எழுந்து நின்று சர்க்கரையை வெல்வது எப்படி என்று பேசினேன். நன்றாகவே பேசினேன். தையல்காரம்மா ஒருவர், "காலையில என்னங்கய்யா சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். உணவை விட மனக்கட்டுப்பாடுதான் முக்கியம் என்று பதில் சொன்னேன். இரண்டாவது வரிசையில் உன் அம்மா தன் விரல் நுனிகளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உன் மாமனாரும் போன் செய்தார். "சம்பந்தி, உங்களப் பாருங்க உங்களப் பாருங்கன்னு வீட்ல ஒரே பாட்டு, நான் ஐஸ்கிரீம விட்டுட்டேன், சந்தோஷமா?" என்றார். சந்தோஷம் என்றேன். வாயில் பன் இருந்ததால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

ஊசியின் முனையில் திருகி எடுக்கிற குட்டி பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கிறதே, அவசரத்தில் அதைக் கழற்றி எங்கேயாவது போடுவது என் வழக்கம். அதில் ஒன்று நான் நடைக்குப் போடும் ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டே பேக்கரிக்குப் போனேன், நூலகத்துக்குப் போனேன், பஸ்ஸில் நின்றேன், திரும்பி வந்தேன். வேறு யாராக இருந்தாலும் வாசலைத் தாண்டுவதற்குள் ஷூவைக் கழற்றி உதறியிருப்பார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துணி துவைக்கும்போது உன் அம்மாதான், "சாக்ஸ்ல என்னங்க கறை, எங்கயாவது மிதிச்சீங்களா?" என்று கேட்டாள். சுண்டுவிரல் அடியில் புண். வலிக்கிறதா என்றாள், இல்லை என்றேன். வலிக்காத புண் பெரிய புண்ணாக இருக்க முடியாது என்பது என் கணக்கு. களிம்பு தடவிக்கொண்டு நாள்களைக் கடத்தினேன். விரல் கறுக்க ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

அவர் மீன் பிடிக்கிற தூண்டில் இழை போல ஒன்றை எடுத்துப் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா சார்?" என்று கேட்டார். எது என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. வருஷக்கணக்கில் சர்க்கரை ஏறி நின்றால் கால் நரம்புகள் மரத்துப்போகுமாம், ரத்த ஓட்டமும் குறையுமாம், அதனால் புண் வந்ததும் தெரியாது, ஆறவும் ஆறாது. வலி இல்லை என்பது நல்ல செய்தி இல்லை பாப்பா, செய்தி வருகிற கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம். இதே வேலையை அது கண்ணிலும் சிறுநீரகத்திலும் சத்தமில்லாமல் செய்யுமாம். பிறகு மூன்று மாதச் சராசரி காட்டுகிற பரிசோதனையை எடுத்தார். ரத்த அணுக்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரையை அளப்பது அது. முதல் நாள் பட்டினி கிடந்தாலும் அதை ஏமாற்ற முடியாது, பெண்டாட்டியைக் கூப்பிட்டாலும் முடியாது. ஏழுக்குள் இருக்க வேண்டியது எனக்குப் பதினொன்றைத் தாண்டியிருந்தது. டாக்டர் என் போனில் இருந்த தொண்ணூறுகளையும் அந்தத் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மெஷின் கம்பெனிக்காரனை விடக்கூடாது, புகார் எழுதலாம் என்று கோபமாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் தலையாட்டினேன்.

உன் அம்மாதான், "மெஷின் மேல தப்பில்லீங்க டாக்டர், அது என் ரத்தம்" என்றாள். டாக்டர் அவள் கையை வாங்கி விரல் நுனிகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எல்லா நுனிகளும் கரடுதட்டிக் கிடந்தன. "உங்களுக்குச் சர்க்கரை ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். என் பக்கம் திரும்பாமலே புது மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். ஒரு காலத்தில் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டிய மளிகைக்காரர் ஒருவரைப் பிடித்து, தெருவே கூடி நிற்க, உங்கள் மனசாட்சிக்கு யார் முத்திரை வைப்பது என்று கேட்டவன் நான். அவர் தராசில் நஷ்டப்பட்டவர்கள் அடுத்தவர்கள், அந்த அளவுக்கு அவர் புத்திசாலி.

இப்போது மாத்திரை கூடியிருக்கிறது, இன்சுலினும் சேர்ந்திருக்கிறது. தினம் ஒருவர் வந்து கட்டு மாற்றுகிறார். விரலைக் காப்பாற்ற முடியுமா என்று வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்வார்கள். சீக்கிரம் வந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு, உன் மாமனாருக்கு நான் எழுதுகிறேன், ஐஸ்கிரீமை மட்டும் அவர் மறுபடி தொட வேண்டாம். அம்மா மேல் கோபப்படாதே, அவள் நீட்டியது விரலை மட்டும்தான், மற்றதெல்லாம் என் வேலை. எனக்கு இருப்பதால் உனக்கும் வர வாய்ப்பு உண்டு, அந்த மூன்று மாதப் பரிசோதனையை நீயும் வருஷம் ஒரு முறை எடுத்துவிடு. எண் கூடுதலாக வந்தால் ஒளிக்காதே, அது திட்டு இல்லை, தகவல். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு செலவாகியிருக்கிறது. இனி தினமும் வருவது என் எண்தான், பார்க்க நன்றாக இருக்காது. பொம்மை அனுப்ப வேண்டாம்.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று மனமார ஆசீர்வதிக்கிறேன். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், அவளிடம் மட்டும் பேசினாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: தபாலில் சேர்க்கத் தாமதமாகிவிட்டது. வியாழக்கிழமை வலது காலின் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தார்கள்.